நிதானக்காரர் பெண்டாட்டி

எங்கள் பக்கத்தில் ஒரே குணத்துக்கு ஆளைப் பார்த்துப் பெயர் வைப்பார்கள். முட்டாமல், உதைக்காமல் நிற்கிற மாடு என்றால் அது சாது. சத்தம் போடாத பெண் என்றால் சாந்தம். சத்தம் போடாத ஆண் என்றால் நிதானம். சத்தம் போடாத கைக்குழந்தை என்றால் மட்டும் எல்லோரும் பதறிப்போய் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவார்கள். எருமை பாவம். அதுவும் சத்தம் போடாமல்தான் நிற்கிறது, அதற்கு யாரும் நல்ல பெயர் வைக்கவில்லை.

இதில் சாதுவும் சாந்தமும் சந்தைப் பேச்சு. மாடு விற்கிறவரும் பெண் கொடுக்கிறவரும் சொல்லியே ஆகவேண்டிய வார்த்தைகள். கேட்கிறவர் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்புவார். நிதானம் அப்படி இல்லை, அதை ஊர் பார்த்துக் கொடுக்கவேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஊர் கொடுத்திருந்தது. அவரை நிதானக்காரர் என்றுதான் சொல்வார்கள். நான் கல்யாணமாகிப் போய் இறங்கியபோதே எனக்கும் ஒரு பெயர் தயாராக இருந்தது: நிதானக்காரர் பெண்டாட்டி. அது எனக்கு எவ்வளவு பொருத்தம் என்று போகப்போக நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது வானகரம். யுத்தத்துக்கு முந்தின காலம். பூந்தமல்லி ரோட்டில் மாட்டு வண்டிகள் வரிசையாகப் பட்டணத்துக்குப் போகும். எங்கள் வீடு ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. நான் வாசலில் நின்று கோழியை விரட்டினால் ரோட்டில் போகிற வண்டிக்காரன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மாட்டை நிறுத்துவான். "பூந்தமல்லி பட்டாளத்துல பிகில் ஊத ஆளு வேணுமாம், இவள அனுப்பிடலாமா?" என்பார் என் நைனா. அப்படிச் சொன்ன மனுஷர்தான் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எம் பொண்ணு சாந்தம். ஊட்ல கீறாளா இல்லியான்னே தெரியாது" என்று சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற அடுத்த வீட்டுக்காரிக்கு அப்போது ஒரு இருமல் வந்தது. வெகுநேரம் நிற்கவில்லை.

அன்று காலையிலிருந்தே என் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பலகாரத் தட்டில் வைத்த வடையை என் கண்ணெதிரே காக்காய் தூக்கிக்கொண்டு போனது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது சாந்தமாம். வந்திருந்த அம்மாள், அதாவது பிறகு எனக்கு அத்தையானவர், அதைப் பார்த்துத்தான் மயங்கிப்போனார்.

அவரும் தன் பங்குக்குச் சொன்னார். "எம் புள்ள நிதானம். அஞ்சு வயசுல குறுக்க பாம்பு போச்சி. மத்த புள்ளைங்கல்லாம் கத்திகினு ஓடிச்சிங்க. இவன் நின்ன எடத்துலயே நின்னான். ஒரு சத்தம் இல்ல. அவ்ளோ நிதானம்." சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இருந்தது.

புகுந்த ஊர் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே. மாமனார் இல்லை. வீட்டில் அத்தை, அவர் மகன், கல்யாணத்துக்கு நின்ற என் நாத்தனார், நான். அத்தை யாரையும் அதட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

நான் போய்ப் பத்து நாளில் எனக்கு நிதானம் என்றால் என்ன என்று தெரிந்துபோயிற்று. காளை கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினால் அவர் நின்று பார்ப்பார். கூரை ஒழுகினால் படுக்கையை நகர்த்திப் போட்டுக்கொள்வார். யாராவது வாசலில் வந்து சண்டைக்கு நின்றால் "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக வயலுக்குப் போய்விடுவார். ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்கே வாய் செத்துப்போய் உப்புப் போட்டேன். "இன்னிக்கு நல்லா கீது" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டு நான் சாந்தமாக இருந்தால் குடித்தனம் என்னத்துக்கு ஆகும்? இரண்டு பேரும் உட்கார்ந்து கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் கத்தினேன். கோழிக்குக் கத்தினேன், கிளிக்குக் கத்தினேன், வேலிக்கு மேல் குப்பையைக் கொட்டினவளுக்குக் கத்தினேன். அத்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "சாந்தம்னு சொன்னாரே ஒங்க நைனா" என்பார். "அன்னிக்கு சாந்தமாத்தான் இருந்தேன் அத்தே" என்பேன். அவர் நெற்றியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

ஆனால் என் குரலால் அந்த வீட்டுக்கு ஒரு காரியம் ஆயிற்று. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஏரித் தண்ணீர் குறைகிற மாதங்களில் வாய்க்காலில் முறை வைத்து விடுவார்கள். எட்டு நாளுக்கு ஒருமுறை, காலையிலிருந்து உச்சிப்பொழுது வரைக்கும் எங்கள் முறை. எங்களுக்கு மேலே இருந்தது என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகனுடைய நிலம். எங்கள் முறை வந்ததும் அவர் தன் மடையை மண் வைத்து அடைக்கவேண்டும். அப்போதுதான் தண்ணீர் எங்களுக்கு இறங்கும்.

அவரிடம் நேரே போய்ச் சொல்லக் கூடாது என்பது ஊர்க்கட்டு. எந்தக் காலத்திலோ மண்வெட்டியோடு நேரே போய் மண்டை உடைந்திருக்கிறது. அதனால் முறைக்காரர் தன் வரப்பிலேயே நின்று மூன்று தரம் கூவவேண்டும்: "மொற வந்துச்சி, மடைய கட்டு!" மேல் நிலத்துக்காரர் "ஆங்" என்று பதில் கொடுத்தால்தான் முறை ஆரம்பம். வீட்டு ஆள்தான் கூவவேண்டும், கூலிக்கு ஆள் வைத்துக் கூவக் கூடாது. கூவாவிட்டால் தண்ணீர் மேலேயே நிற்கும், கேட்க நாதி இல்லை. சண்டை வேண்டாம், அமைதியாக இருக்கட்டும் என்று போட்ட கட்டுக்குத் தொண்டை கிழியக் கத்தவேண்டி இருந்தது. இதை நான் சொல்லிச் சிரித்தபோது ஊரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் வருகிறவரைக்கும் எங்கள் முறையில் பாதி மேலேயே நின்றுவிடுமாம். அத்தை சமாதானம் சொல்வார்: "இவன் நிதானமா கூப்புடுவான், அவனுக்கு நிதானமா காது கேக்கும்." நான் வந்த முதல் வருஷம், சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நானே கூவினேன். முதல் கூவலிலேயே அந்த மனுஷர் குடிசையிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அந்த வருஷம் களத்தில் குவியல் பெரிதாக இருந்தது. அம்மன் கண் திறந்தாள் என்றார் அத்தை. யார் வாய் திறந்தது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்டேன் என்றுதான் ஞாபகம்.

மூன்றாம் வருஷம் தை மாதம் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் பின்கட்டில் இருந்தேன். உளுந்து காயப் போட்டிருந்தது. மேல் நிலத்துக்காரர் வீட்டுப் பசு நிதானமாக உள்ளே வந்து நிதானமாக வாயை வைத்தது. நான் ஒரு சத்தம் போட்டேன் பாருங்கள், முன்கட்டில் மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த தம்ளர் நழுவிவிட்டது. "யாருங்க அது?" என்று கேட்டிருக்கிறார். "பக்கத்து ஊடு" என்று அத்தை சொல்லி வாய் மூடவில்லை, நான் மறுபடியும், "அத்தே! உளுந்து பூரா போச்சி அத்தே!" என்றேன்.

அவர்கள் போய்விட்டார்கள். சாந்தமான குடும்பமாகப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். நாத்தனார் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தை அப்போதும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சரியாகப் போயிருக்கும். அவர் மெதுவாக, "நீ நைனா ஊட்டுக்குப் போயிட்டு வா. எப்ப வரணும்னு நான் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படிப் போன ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் சொல்லி அனுப்புவதாகத்தான் சொன்னார்கள். அஞ்சு வருஷமாகிறது, அந்தச் சொல் இன்னும் போகவில்லை. எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. அந்த உப்புக் கேட்காத மனுஷரையும், சொல்லக்கூடாது, பிடித்திருந்தது. போக எனக்கு மனசே இல்லை.

நைனா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். சாந்தம் என்று அளந்தவர் இப்போது அத்தை எதிரில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நவரை நெல் அறுப்பு முடிகிறவரைக்கும் என் குரல் எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நானே வண்டி ஏறிவிட வேண்டும். அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். சாட்சிக்கு வந்தவர் யார் தெரியுமா? மேல் நிலத்துக்காரர்தான். பங்காளிகளில் மூத்தவர், அவரை விட்டுவிட்டு எதுவும் செய்ய முடியாது. அவ்வளவு சந்தோஷமான சாட்சியை நான் பார்த்ததே இல்லை.

வண்டி ஏறும்போது நைனா என் காதில், "நாலு மாசம்தாம்மா. வாயில துணிய வெச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை நடந்தபோதும் என் வீட்டுக்காரர் வண்டி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அவ வேணும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. "இன்னா நிதானம் பாரு" என்று யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தையை அன்றைக்குப் போல நான் வெறுத்ததில்லை. மாட்டுக்குக் கிடைத்த தடவல் கூட எனக்குக் கிடைக்கவில்லையே என்று அடுப்படியில் போய் அழுதேன், அதுவும் வாசலைத் தாண்டாமல்.

பிறகு நான் சாந்தமானேன். அடேயப்பா, அது சாமானிய வேலை இல்லை. கிளியை விரட்ட வேண்டுமானால் வயல் முழுக்க ஓடிக் கையைத் தட்டினேன். கோழியிடம் கெஞ்சினேன். குப்பை கொட்டுகிறவளைப் பார்த்துச் சிரித்தேன், அவள் பயந்துபோய்க் குப்பையைத் தன் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்விட்டாள். எனக்குத் தொண்டையில் ஏதோ வியாதி என்று இரண்டு பேர் கஷாயம் சொன்னார்கள். அத்தைக்கு மட்டும் பூரிப்பு. மாப்பிள்ளை வீட்டாரும் அறுப்புக்குப் பிறகு மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீடே கோயில் மாதிரி இருக்கிறது என்றார் அத்தை. கோயிலில் கூட மணி அடிப்பார்கள் என்று சொல்ல வந்து விழுங்கிவிட்டேன்.

பங்குனி பிறந்தது. ஏரி இறங்கியது. வாய்க்காலில் முறை வைத்தார்கள். அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது. சத்தியம் வாங்கினவர்கள், செய்தவள், சாட்சி நின்றவர், அத்தனை பேரிலும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அது முன்பே ஞாபகம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாட்சிக்குத்தான்.

முதல் முறைக்கு என் வீட்டுக்காரர் போய்க் கூவினார். கூவினார் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். அடுத்த வீட்டில் வெற்றிலை கேட்பதுபோல், "மொற... வந்துச்சி..." என்றார். பத்தடி தள்ளி நின்ற கொக்கு தலையைத் தூக்கவில்லை. அரைப்பொழுது போயிற்று. அடுத்த முறைக்கு அத்தையே வரப்பில் போய் நின்றார். "ஏம்பா... கொஞ்சம் மடைய..." என்று ஆரம்பித்தார். விருந்துக்கு அழைப்பதற்கு அந்தக் குரல் போதும், மடைக்குப் போதாது. உச்சிப்பொழுது தாண்டினபிறகு மேல் நிலத்துக்காரர் மெல்ல நடந்து வந்து, "காதுலயே உழலியே சித்தி" என்றார். நாத்தனாரைக் கூவச் சொல்லலாம் என்றால், கல்யாணப் பேச்சில் இருக்கிற பெண் வரப்பில் நின்று கத்துவதா என்று அத்தை பயந்தார்.

வயல் வாய் பிளந்துகொண்டு கிடந்தது. கதிரில் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரு முறை தவறினால் அறுப்பதற்கு வைக்கோல்தான் இருக்கும். மாட்டுக்கு விருந்து, எங்களுக்குப் பட்டினி. அந்த நாற்றெல்லாம் நான் முதுகு ஒடிய நட்டது. ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் முறைக்கு முதல்நாள் அத்தை என் பக்கத்தில் வந்து கீரை ஆய்ந்தார். கீரை ஆய்வது என் வேலை. அவர் வந்து உட்கார்ந்ததிலேயே விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"அம்மன் தங்கமானவ" என்றார்.

"ஆமா அத்தே."

"எல்லாத்துக்கும் கோவிச்சிக்க மாட்டா."

"கத்தச் சொல்றீங்களா அத்தே?"

"நான் அப்டி சொல்லல."

"கத்துனா வண்டி ஏறணும்னு சத்தியம். அனுப்ப மாட்டேன்னு சொல்லுங்க, நாளைக்கு ஏரிய இங்க கொண்டாந்து உடறேன்."

அத்தை காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். சாட்சி வைத்துக் கேட்ட சத்தியம். தானே வாங்கித் தானே கலைத்தால் ஊரே சிரிக்கும், பெண் கேட்டு வருகிறவர்கள் காதுக்கும் போகும். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. "கீரையில பூச்சி கீது, பாத்து ஆயி" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பூச்சியா முக்கியம்?

மறுநாள் காலையில் கூழ் எடுத்துக்கொண்டு நான் வயலுக்குப் போனேன். அவர் பனைமரத்தடியில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மேலே, அந்த வயலில் தண்ணீர் தளதளவென்று நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

"கூப்ட்டீங்களா?" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

"கூப்புடுங்க. வெய்யில் ஏறுது."

வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். காற்றுதான் வந்தது. அவர் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கில் வழிந்தது. மண்வெட்டிப் பிடியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். வெயில் அப்படி என்று நினைத்தேன். சோம்பேறித்தனமும் கொஞ்சம் என்று நினைத்தேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவுதான் புத்தி.

பக்கத்தில் தலை நீட்டியிருந்த ஒரு கதிரைப் பிடித்து, ஒரு மணியை நசுக்கினேன். விரலில் ஒட்டுகிற அளவுக்குப் பால் வந்தது. நாளைக்கு அதுவும் இருக்காது. போனால் வானகரம்தானே போகப்போகிறேன், வானகரத்தில் சோறு போடமாட்டார்களா, ஆனால் இது நான் நட்ட பயிர், இதை எவனோ குடிசையில் படுத்துக்கொண்டு கொல்வதா என்று தோன்றியது. அதற்கப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை.

"ஏ... மாமோவ்! மொற வந்துச்சி! மடைய கட்டு!"

இரண்டு மாதமாக அடைத்து வைத்திருந்த தொண்டை. ஏரிக்கரைப் பனையிலிருந்த காக்காய் எல்லாம் கிளம்பிவிட்டது. மூன்று தரம்தான் கூவவேண்டும். நான் நாலாவது, அஞ்சாவது எல்லாம் கூவினேன். அவற்றில் முறையைப் பற்றி ஒன்றும் இல்லை, அந்த மனுஷரைப் பற்றித்தான் இருந்தது. அதையெல்லாம் எழுத முடியாது. "ஆங்! ஆங்! கட்டறேன்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் வாய்க்காலில் செத்தையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. என் கால் விரலில் அது பட்டபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! உடனே வண்டி ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

அத்தை வாசலில் நின்றிருந்தார். அங்கேயும் கேட்டிருக்கிறது. கேட்காமல் இருக்குமா? நான் உள்ளே போய்த் தகரப் பெட்டியில் புடவைகளை மடித்து வைத்தேன். உச்சிப்பொழுது கழிந்து என் வீட்டுக்காரர் கால் நிறையச் சேற்றோடு வந்து வாசலில் நின்றார். அவர் பின்னாலேயே மேல் நிலத்துக்காரர், கூட இரண்டு பங்காளிகள். முகத்தில் வருத்தம் என்று பார்த்தால் தேடினாலும் கிடைக்காது.

"சித்தி, அம்மன் முன்னால பண்ண சத்தியம். நான் சாட்சி. வானகரத்துக்கு ஆளு அனுப்பு, வண்டி வரட்டும்" என்றார்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எதுக்கு வண்டி?"

"ஒம் மருமவ கத்துனா."

"கத்துனது எம் புள்ள."

நான் பெட்டியை மூடிக்கொண்டே நின்றுவிட்டேன். மூன்று வருஷத்தில் அத்தை வாயிலிருந்து வந்த முதல் பொய், எனக்காக. பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்ன பக்கத்து வீட்டுப் பொய்யைச் சேர்த்தால் இரண்டு.

"ஒம் புள்ளையா? பொம்பள கொரலு சித்தி!"

"வெய்யில்ல நின்னு தொண்ட கட்டிகிச்சி அவனுக்கு."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தெருவில் போனவர்களும் நின்றுவிட்டார்கள். அவர் ஒரு தலை அசைத்தால் போதும். நான் வண்டி ஏறவேண்டாம், அத்தை வார்த்தையும் நிற்கும், ஊருக்கே கேட்கிற மாதிரி கூவினவர் என்று அவருக்கும் ஒரு பெயர். நான் கதவோரம் நின்று கண்ணாலேயே கெஞ்சினேன்: ஆட்டுங்க, தலைய ஆட்டுங்க. எதற்கெல்லாமோ ஆட்டுவாரே!

"நான் கத்தல, அண்ணாத்தே" என்றார்.

அத்தை "டேய்" என்றார்.

"அவதான் கத்துனா. நான் நின்னுகினு இருந்தேன். எனக்குக் கொரலு வரல." தோளிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார். "எல்லாரும் நிதானம், நிதானம்ங்கறீங்க. நிதானம்லாம் ஒண்ணும் இல்ல. பயம். நீ எதுத்தாப்ல நின்னியானா எனக்குப் பின்பக்கமா ஓடிடலாம்னு தோணும். கத்தணும்னு வரும்போது நாக்கு ஒட்டிக்கும். அன்னிக்கு இவ வண்டி ஏறப் போறான்னு தெரிஞ்சிகினேதான் நின்னேன், வாயத் தொறக்க முடியல. இன்னிக்கு இவ போறதா இருந்தா நானும் அதே வண்டியில ஏறிக்கினு போயிடுவேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. அவருக்கு வருகிற குரலில்தான் சொன்னார், தெருவில் நின்றவர்கள் கிட்டே வந்து கேட்டார்கள். முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்து வெடித்திருந்தது, ஆனால் அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நான் பார்த்தேன். பங்காளிகளில் ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்து, கூட யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். மேல் நிலத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பயப்படுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "ஊட்டு வெவகாரம், நீங்களே பாத்துக்குங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வானகரத்துக்குப் போகவில்லை. அத்தை அம்மனுக்குப் பொங்கல் வைத்து, சத்தியத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பயிர் பிழைத்தது. நாத்தனாருக்கு வேறு இடத்தில், சத்தத்துக்குப் பயப்படாத குடும்பத்தில், சம்பந்தம் கூடியது. அதற்கப்புறமும் நான்தான் கூவினேன். என் மனுஷர் பக்கத்தில் நிற்பார், ஒட்டிக்கொண்டே நிற்பார். அதுவரைக்கும் அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மற்றவர்கள் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது, அதில் குறை இல்லை.

ஆனால் அன்று மத்தியானம் அவர்கள் போனபிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. அத்தை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் கால் கழுவ நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், புதிதாக யாரையோ பார்ப்பதுபோல்.

"எத்தினி நாளா டா பயம்?"

"சின்னப் புள்ளையிலேர்ந்து."

"பெத்தவகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் செம்பை வாங்கிக் காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். சேறு கரைந்து ஓடியது.

"எம் புள்ள நிதானம்னு சொல்லும்போது ஒனக்கு எவ்ளோ சந்தோஷம் வரும்மா" என்றார். "அதான் சொல்லல."